ஓசையற்ற சாலைகள்: பிரான்சு நாட்டுப்புறமும் மிதிவண்டிப் பயணமும்

பெருஞ்சாலைகளின் வரலாறு அரசுகளின் வரலாற்றோடு சேர்த்து எழுதப்படுவது. படை சென்ற வழி, வணிகச் சாத்து சென்ற வழி என்று அவற்றுக்குப் பெயரும் புகழும் உண்டு. ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்கு மட்டும் செல்லும் சிறுசாலைக்கு அத்தகைய பெருமை வாய்ப்பதில்லை. ஆயினும், பிரான்சு நாட்டின் வயல்களுக்கும் திராட்சைத் தோட்டங்களுக்கும் இடையே மிதிவண்டியில் செல்வோர் உலகின் பல பகுதிகளிலிருந்தும் தேடி வருவது அச்சிறுசாலைகளையே. நெடுந்தொலைவு சென்றும் எதிரே ஓர் ஊர்தி வாராத அமைதியே அவற்றின் சிறப்பு. அவ்வமைதியை இயற்கையின் கொடை எனக் கருதுவது எளிது. உண்மையில் அது சட்டத்தாலும் உழைப்பாலும், அவற்றினும் மிகுதியாக இழப்பாலும் விளைந்தது. இவ்வுண்மையை வரலாற்று நோக்கில் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஊர்ப்பாதைச் சட்டம்

மன்னராட்சிக் காலத்தில் பிரான்சின் குடியானவர்கள் அரசின் பெருஞ்சாலைகளை அமைக்கக் கூலியின்றி உழைக்க நேர்ந்தது. தாம் ஒருபோதும் செல்லாத சாலைக்குத் தம் மாட்டையும் வண்டியையும் ஓட்டிச் சென்ற அக்கொடுமை, புரட்சிக்கு முன் மக்கள் நெஞ்சில் மூண்ட சினத்திற்கான காரணங்களுள் ஒன்று. 1836ஆம் ஆண்டு மே 21ஆம் நாள் இயற்றப்பட்ட ஊர்ப்பாதைச் சட்டம் வேறொரு நெறியை வகுத்தது. ஒவ்வோர் ஊராட்சியும் தன் எல்லைக்குட்பட்ட பாதைகளைத் தானே பேணவேண்டும். அதன் பொருட்டு ஆண்டுக்கு மூன்று நாள் வரை ஊராரின் உழைப்பையோ அதற்கு ஈடான பணத்தையோ பெறலாம் என்பது அச்சட்டத்தின் சாரம். இம்முறை உழைப்பு தம் ஊர்ச் சாலைக்கே சென்றது.

இன்றும் பிரான்சில் ஏறத்தாழ 35,000 ஊராட்சிகள் உள்ளன. அவற்றுட் பல சில நூறு பேரே வாழும் சிற்றூர்கள். அவ்வூர்களையும் ஆலைகளையும் சந்தைகளையும் தேவாலயங்களையும் இணைத்து, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிக்குள் சாலைகள் வலைபோல் பின்னப்பட்டன. 1910 முதல் மிச்செலின் நிறுவனம் வெளியிட்ட நிலப்படங்களின் வரிசையில் பெருஞ்சாலைகள் சிவப்பிலும் சிறுசாலைகள் மஞ்சளிலும் வெள்ளையிலும் காட்டப்படும் வழக்கம் நிலைபெற்றது. மிதிவண்டிப் பயணிகள் விரும்பித் தேடும் அவ்வெள்ளைக் கோடுகள் பலவும் குடியானவர் கையால் கல் பரப்பிய பாதைகளே.

பட்டு வணிகர் கண்ட வழி

1860களில் பாரிசு நகரின் மிசோ பட்டறையில், முன்சக்கரத்தில் மிதிகட்டை பூட்டிய வண்டிகள் செய்யப்பட்டன. 1891இல் மிச்செலின் சகோதரர்கள் கழற்றி மாட்டத்தக்க காற்றுப்பட்டையை அறிமுகம் செய்தனர். ஊசியோ ஆணியோ தைத்தால் வழியிலேயே சீர்செய்துகொண்டு மேற்செல்லும் வாய்ப்பு அதனால் பிறந்தது. 1890இல் தொடங்கப்பட்ட பிரான்சுச் சுற்றுலாக் கழகம், வழிகாட்டிப் பலகைகளை நாட்டுவதிலும் சாலைகளைச் செப்பம் செய்யக் கோருவதிலும் முன்னின்றது. 1983இல் முடிவெய்திய அக்கழகம் தொடக்கத்தில் மிதிவண்டியாளர்களின் கழகமாகவே விளங்கியது என்பது குறிப்பிடத்தக்கது.

இவ்வரலாற்றின் நடுநாயகமாகத் திகழ்பவர் பால் தெ விவீ. 1853இல் தென்பிரான்சின் பெர்ன் என்னும் ஊரில் பிறந்த இவர், சேன்-எத்தியேன் நகரில் பட்டு வணிகம் செய்தவர். மிதிவண்டியின்பால் கொண்ட ஈடுபாட்டால் அவ்வணிகத்தைத் துறந்து மிதிவண்டி வணிகம் தொடங்கினார். 1887இல் ஓர் இதழையும் நிறுவினார். ‘வெலோசியோ’ என்ற புனைபெயரில் அவர் எழுதிய கட்டுரைகள் பலரைச் சாலைக்கு அழைத்தன. புலால் மறுத்து வாழ்ந்தவர் அவர். பசிக்குமுன் உண்ண வேண்டும், தாகத்திற்குமுன் பருக வேண்டும், பிறர் மெச்சுவதற்காக மிதிக்கலாகாது என்பவை அவர் பயணியர்க்கு வகுத்த நெறிகளுட் சில. ஏற்றம் எத்தகையது, சாலை எவ்வாறுள்ளது, எங்கே உண்ணலாம் என்று சென்று வந்தோர் செல்வோர்க்கு உரைக்கும் எழுத்தை அவ்விதழ் வளர்த்தது. பெற்ற பயனைப் பெறாதார்க்குக் காட்டி வழிப்படுத்தும் ஆற்றுப்படை மரபினை அறிந்தோர்க்கு இம்முயற்சியின் உள்ளம் எளிதில் விளங்கும். இங்கே பரிசிலாக அமைந்தது பாதையே.

போட்டியும் பயணமும்

மலைநாட்டில் வாழ்ந்த வெலோசியோவுக்கு ஒரே பல்சக்கர அளவோடு ஏற்றம் ஏறுவது வீண் வருத்தமாகப்பட்டது. வேகமாற்றுக் கருவிகளை அவர் ஆய்ந்தார், செய்வித்தார், பரப்பினார். முதியவரும் பெண்டிரும் மலைப்பாதை காண அது வழிசெய்யும் என்று வாதிட்டார். இதற்கு மாறான கருத்துடையவர் ஆன்ரி தெகிராஞ்ச். தம் நாளிதழின் விற்பனையைப் பெருக்க 1903இல் ‘டூர் டி பிரான்ஸ்’ போட்டியைத் தொடங்கிய அவர், வெற்றி உடல் வலிமையால் வரவேண்டுமேயன்றிக் கருவியால் வரலாகாது என்று கருதினார். அப்போட்டியில் வேகமாற்றுக் கருவிக்கு இடமளிக்கப்பட்டது 1937இல்தான்.

அதனைக் காண வெலோசியோ உயிரோடில்லை. 1930 பிப்ரவரியில் சேன்-எத்தியேன் நகரத் தெருவில் டிராம் வண்டி மோதி அவர் உயிர்நீத்தார். ஓசையற்ற சாலைகளை வாழ்நாளெல்லாம் தேடிய ஒருவரின் முடிவு நகரத்தின் நெரிசலில் நேர்ந்தது. அந்நகரை அடுத்து, 1,161 மீட்டர் உயரத்தில் உள்ள ரெப்புப்ளிக் கணவாயில் அவருக்கு நினைவுச்சின்னம் உள்ளது.

பெண்டிர்க்கு இச்சாலைகள் வேறொரு விடுதலையையும் நல்கின. 1800ஆம் ஆண்டின் பாரிசு ஆணை ஒன்று பெண்கள் காற்சட்டை அணிவதைத் தடுத்தது. 1892, 1909ஆம் ஆண்டுகளின் சுற்றறிக்கைகள் குதிரையின் கடிவாளத்தையோ மிதிவண்டியின் கைப்பிடியையோ பற்றியிருக்கும் பெண்ணுக்கு மட்டும் விலக்களித்தன. மிதிவண்டியில் ஏறிய பெண்ணுக்குச் சட்டமே சிறிது விலகி வழிவிட்டது எனலாம்.

தொழிலாளர் வந்த கோடை

நெடுங்காலம் ஓய்வுப் பயணம் வசதியுடையார்க்கே உரியதாயிருந்தது. 1936 ஜூனில் மக்கள் முன்னணி அரசு தொழிலாளர்க்கு ஆண்டுக்கு இரண்டு வாரம் ஊதியத்துடன் கூடிய விடுமுறையைச் சட்டமாக்கியது. ஓய்வுத் துறையின் பொறுப்பேற்ற லெயோ லக்ராஞ்ச் முயற்சியால் குறைந்த கட்டண ரயில் பயணச்சீட்டும் கிடைத்தது. அதற்கும் வசதியற்றோர் மிதிவண்டியில் கிளம்பினர். இருவர் மிதிக்கும் நீள்வண்டியில் கணவனும் மனைவியுமாகக் கடலை முதன்முறை காணச் சென்றோரின் படங்கள் அக்கோடையின் அடையாளமாக நிலைத்துவிட்டன. நான்கே ஆண்டுகளில், 1940 ஜூனில், அதே சாலைகளில் அதே மிதிவண்டிகள் மூட்டைகளைச் சுமந்து, படையெடுப்புக்கு அஞ்சித் தெற்கு நோக்கி ஓடின.

மரங்களும் ஊர்திகளும்

போருக்குப்பின் ஊர்திகள் பெருகின. 1972இல் மட்டும் பிரான்சின் சாலைகளில் 16,000க்கும் மேற்பட்டோர் இறந்தனர். சாலையோரத்துப் பிளேன் மரங்களில் மோதி இறந்தோரும் பலர். ஆதலின் மரங்களை வெட்டும் ஆணைகள் பிறந்தன. 1970 ஜூலையில் குடியரசுத் தலைவர் ஜார்ஜ் பொம்பிடு, தலைமை அமைச்சர் ஷபான்-தெல்மாவுக்குக் கடிதம் எழுதி இதனை எதிர்த்தார். 1961இல் பிரெஞ்சுக் கவிதைத் தொகுப்பொன்றை வெளியிட்டவர் அவர் என்பது கவிஞர்கள் நினைவிற் கொள்ளத்தக்கது. ஆனால் அதே ஆண்டு அக்டோபரில், அவர் ஆட்சியிலேயே, பாரிசையும் மார்செய் நகரையும் இணைக்கும் விரைவுச்சாலை முழுமை பெற்றது. ஊர்திப் பெருக்கை விரைவுச்சாலைகள் தம்பால் ஈர்த்துக்கொண்டதால் சிறுசாலைகள் பல ஓய்ந்தன. மரங்களைக் காக்க எழுந்த குரலோடு, மரங்களை அச்சுறுத்திய விரைவும் சேர்ந்தே அவற்றின் அமைதிக்கு வழிசெய்தது முரணன்றோ!

கால்வாய்க் கரையும் இருப்புப் பாதையும்

பயன் குன்றிய வழிகளும் மிதிவண்டிக்குக் கைகொடுத்தன. பியேர்-பால் ரிக்கே 1666இல் தொடங்கி, அவர் மறைந்த மறு ஆண்டாகிய 1681இல் திறக்கப்பட்ட மிடி கால்வாய், துலூஸ் நகரிலிருந்து 240 கி.மீ. ஓடுகிறது. படகை இழுத்த குதிரைகள் நடந்த கரைகளில் இன்று மிதிவண்டிகள் செல்கின்றன. ஆயின் 2006இல் அங்குக் கண்டறியப்பட்ட பூஞ்சை நோயால் கரைமரங்கள் பல்லாயிரம் வெட்டப்பட்டன. மாற்று மரங்கள் நடப்பட்டு வருகின்றன.

1879இன் பிரேசினே திட்டம் சிறுநகரங்களுக்கெல்லாம் ரயில் தர முனைந்தது. பேருந்தும் காரும் வந்தபின் அவ்வகைச் சிறுபாதைகள் பல மூடப்பட்டன. பர்கண்டிப் பகுதியில் அவ்வாறு கைவிடப்பட்ட பாதை ஒன்றில், ஜிவ்ரிக்கும் கிளூனிக்கும் இடையே 44 கி.மீ. நீளத்தில், நாட்டின் முதல் ‘பசுமைவழி’ 1997இல் திறக்கப்பட்டது. 910இல் நிறுவப்பட்ட துறவுமடத்தால் புகழ்பெற்ற கிளூனியை, ஊர்தி இரைச்சலின்றிச் சென்றடைய அது வகைசெய்தது. லுவார் ஆற்றையொட்டிக் கடல்வரை செல்லும் ஏறத்தாழ 900 கி.மீ. வழி, இவ்வகை முயற்சிகளுள் புகழ் மிக்கது.

அமைதியின் விலை

இவ்வமைதிக்கு விலை கொடுத்தோர் யார் என்ற வினாவை வரலாறு தவிர்க்க இயலாது. முதல் உலகப்போரில் பிரான்சு 13 இலட்சத்திற்கும் மேற்பட்ட வீரர்களை இழந்தது. எத்துணைச் சிறிய ஊராயினும் அதன் நடுவே பெரும்பாலும் ஒரு நடுகல் நிற்கிறது. அதில் ஒரே குடும்பப் பெயர் மீண்டும் மீண்டும் வருவதுண்டு. எஞ்சியோருள் பலர் நகரம் நாடினர். 1931ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நகர மக்கள்தொகை நாட்டுப்புறத்தினும் முதன்முறையாக மிகுந்தது. அதன்பின் பள்ளி மூடிய ஊர், அஞ்சலகம் மூடிய ஊர், ரொட்டிக்கடை மூடிய ஊர் என்று பட்டியல் நீண்டது. சாலையை அமைத்தோரின் வழித்தோன்றல்கள் அகன்றதனால் சாலை ஓசை ஒழிந்தது.

மிதிவண்டிப் பயணிகள் இதனை மெய்யால் உணர்கின்றனர். கடை மூடிய ஊரில் நீர் வேண்டுவோர் கல்லறைத் தோட்டத்தை நாடுவது அங்குப் பழகிப்போன வழக்கம். பூச்செடிகளுக்கு நீர் வார்க்க அங்கே குழாய் இருக்கும். சாலைக்குக் கல் சுமந்தோரும் அங்கேயே உறங்குகின்றனர். அவர்தம் மூன்று நாள் உழைப்பின் மீது உருண்டு வந்தவர், அவர்தம் குழாயில் நீர் நிரப்பிக்கொண்டு அடுத்த ஊர் நோக்கிச் செல்கிறார். அவ்வூரில் ஒரு கடையேனும் திறந்திருக்குமானால், அது அக்கடைக்கும் நன்று, சாலைக்கும் நன்று. ஏனெனில், ஊர் இருக்கும் வரையே ஊர்ப்பாதையும் இருக்கும்.