வீட்டுக் கிளியின் வரலாறு

மாதுங்காவின் பழைய மாடிக் கட்டடங்களில், பால்கனிக் கம்பியில் ஒரு கிளிக்கூண்டு தொங்குவது ஒரு காலத்தில் நம்மவர் இல்லங்களில் எளிதாகக் காணக்கூடிய காட்சி. தாராவியின் குறுகிய சந்துகளிலும் செம்பூரின் புதுக் குடியிருப்புகளிலும் அதனை நாம் கண்டிருக்கிறோம். ஊரையும் உறவையும் விட்டு வந்து, பால்காரரோடு இந்தியும் காய்கறிக்காரியோடு மராத்தியும் பேசிப் பழகிய நமக்கு, மாலையில் படியேறி வந்ததும் "அக்கா, வா" என்று தமிழில் அழைக்கும் ஒரு குரல் கூண்டிலிருந்து கேட்டால் நெஞ்சு குளிர்ந்தது. அண்டை வீட்டார் அதே கிளியை "மிட்டு" என்று அழைத்தனர். மராத்தியர் "போபட்" என்றனர். கிளியும் வேற்றுமை பாராட்டாது எல்லோருடைய மொழியையும் கற்றுக்கொண்டது.

இன்று அந்தக் கூண்டுகள் அருகிவிட்டன. நம் நாட்டுப் பச்சைக்கிளியை வீட்டில் அடைத்து வளர்த்தல் சட்டப்படி குற்றம். "ஆண்டாள் கையிலும் மீனாட்சி கையிலும் இருக்கும் கிளி, நம் வீட்டில் இருந்தால் மட்டும் குற்றமா?" என்று மூத்தோர் சிலர் மனம் நொந்து வினவுவதுண்டு. அவ்வினா புறக்கணிக்கத்தக்கதன்று. அதற்குரிய விடையைக் கிளியின் வரலாற்றிலேயே தேடிப் பார்ப்போம்.

பழந்தமிழ் இலக்கியத்தில் கிளி இரு நிலையில் காணப்படுகிறது. குறிஞ்சி நிலத்தில் அது காட்டுப் பறவை. தினைப்புனத்தில் கதிர் கொய்ய வரும் கிளிக் கூட்டத்தைப் பரண்மீதிருந்து ஓட்டுவது குறமகளின் தொழில். 'கிளி கடிதல்' என்று அதற்குப் பெயர். மற்றொரு நிலையில் அது வீட்டுப் பறவை. அகநானூற்றின் முல்லைத்திணைப் பாட்டு ஒன்றில், போர்வினை முடித்து மீளும் தலைவன் தேரை விரைந்து செலுத்துமாறு பாகனிடம் கூறுகிறான். வீட்டிலே தன் மனைவி முன்கையில் கிளியை ஏந்தி, பிரிந்து சென்றவர் இன்று வருவாரா என்று அதனிடம் கேட்டுக்கொண்டிருக்கும் காட்சி அவன் மனக்கண்ணில் நிற்கிறது. அந்தக் கிளிக்குப் புலவர் இட்ட பெயர் 'செந்தார்ப் பைங்கிளி'. கழுத்தில் சிவந்த மாலைபோன்ற வளையம் உடையது என்பது பொருள். ஆண்பறவைக்கே அவ்வளையம் தெளிவாக அமையும். இன்று மும்பையின் மரங்களில் நாம் காணும் கிளியும் இவ்வினத்தைச் சேர்ந்ததே.

பிரிவிலே தனித்திருந்தவளுக்குக் கிளி பேச்சுத் துணை. இக்கருத்தே பிற்காலத்தில் கிள்ளைவிடு தூது என்னும் சிற்றிலக்கியமாக வளர்ந்தது. பலபட்டடைச் சொக்கநாதப் புலவர் பாடிய 'அழகர் கிள்ளைவிடு தூது' அவ்வகையிற் பெயர் பெற்றது. ஆகவே ஊரை விட்டு வந்த நாம் கிளியை நாடியது புதுமையன்று. ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழக்கம் அது.

நம் கிளியின் பேச்சு கடல் கடந்தும் புகழ் பெற்றது. கி.மு. ஐந்தாம் நூற்றாண்டின் இறுதியில் பாரசீக அரசவையில் மருத்துவராயிருந்த கிரேக்கர் டெசியஸ், இந்தியாவைப் பற்றி எழுதிய நூலில் மனிதக் குரலில் பேசும் பறவை ஒன்றைக் குறித்துள்ளார். அஃது இந்திய மொழி பேசும். கிரேக்கம் கற்பித்தால் கிரேக்கமும் பேசும் என்பது அவர் கூற்று. தமிழும் மராத்தியும் கற்ற நம் பால்கனிக் கிளிக்கு அதுவே முன்னோடி போலும்! கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமானிய அறிஞர் பிளினி, இந்தியாவிலிருந்து வரும் பச்சைநிறப் பறவையை, அதன் கழுத்தின் சிவப்பு வளையத்தோடு சேர்த்து வருணித்தார். பேசக் கற்பிக்கும்போது அதன் தலையில் இரும்புக் கோலால் அடிப்பர் என்றும் அவரே எழுதிவைத்தார். பேசும் பறவை என்ற புகழ் அப்பறவைக்கு நன்மை மட்டுமே செய்யவில்லை என்பதற்கு இது சான்று.

இனிக் கோயில்களை நோக்குவோம். மதுரை மீனாட்சியம்மன் சந்நிதிக்கு முன்னுள்ள கிளிக்கூட்டு மண்டபத்தில் முற்காலத்தில் கூண்டுகளில் கிளிகளை வளர்த்து, அம்மையின் பெயரைச் சொல்லப் பழக்கினர். இன்று அங்கே கிளிகள் இல்லை. மண்டபத்தின் பெயர் மட்டும் எஞ்சியிருக்கிறது. திருவில்லிபுத்தூரில் வேறொரு மரபு. ஆண்டாளின் கையில் அமரும் கிளியை நாள்தோறும் இலைகளாலும் பூக்களாலும் புதிதாகச் செய்கின்றனர். மாதுளம்பூ அதன் மூக்காகிறது. உயிர்க்கிளி ஒன்றையும் அடைக்காமலே கிளியைப் போற்ற இயலும் என்பதை அவ்வூர்க் கைத்திறன் அன்றாடம் காட்டுகிறது. மூத்தோர் வினாவுக்குரிய விடையில் ஒரு பாதி இதிலே இருக்கிறது.

கிளிக்கு நாம் இட்ட உணவைப் பற்றியும் ஒரு செய்தி. கிளி என்றதும் நமக்கு நினைவுக்கு வருவன மிளகாயும் கொய்யாவும். கூண்டுக் கிண்ணத்தில் நிலக்கடலையும் சூரியகாந்தி விதையும் இடுவோம். இந்நான்கும் அமெரிக்கக் கண்டத்தில் தோன்றியவை. ஐரோப்பியர் அக்கண்டத்தை அடைந்த 1492க்குப் பின்னரே கடல்வழியாகக் கீழ்நாடுகளுக்கு வந்தன. மிளகாயை இந்தியாவுக்குக் கொணர்ந்தவர் போர்ச்சுகீசியர். 1534 முதல் பம்பாய்த் தீவுகளை ஆண்டவரும் அவர்களே. ஆகவே முல்லைத்திணைத் தலைவியின் கிளி மிளகாயை அறியாது. தினையும் கோவைப்பழமுமே அதன் உணவு. மிளகாயின் காரத்தைப் பறவைகள் நம்மைப்போல் உணர்வதில்லை. அதனால்தான் கிளி அதனை விரும்பிக் கொறிக்கிறது. ஆனால் விதையும் கடலையும் மட்டுமே தின்னும் கிளிக்குக் கொழுப்பு மிகுந்து உயிர்ச்சத்துக் குறைகிறது. அன்போடு நாம் நிரப்பிய கிண்ணமே பல கிளிகளின் ஆயுளைக் குறைத்தது என்பதை அன்று நாம் அறியவில்லை.

பம்பாயில் கிளி எவ்வாறு நம் இல்லங்களுக்கு வந்தது? முதலில் நாம் வந்த வரலாற்றைச் சுருக்கமாகக் கூறவேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் திருநெல்வேலிச் சீமையினர் தாராவிக்கு வந்து தோல் பதனிடும் தொழிலில் ஈடுபட்டனர். அங்குள்ள பெரிய பள்ளிவாசல் 1887இலும், பிள்ளையார் கோயில் 1913இலும் தோன்றின. 1896இல் பிளேக் நோய் நகரை உலுக்கியபின் 1898இல் அமைந்த நகர அபிவிருத்தி டிரஸ்ட், தாதர், மாதுங்காப் பகுதிகளைத் திட்டமிட்டு விரித்தது; அலுவலகங்களில் எழுத்தராகவும் கணக்கராகவும் பணிபுரிந்த தமிழர் அங்கே குடியேறினர். 1954இல் டிராம்பேயில் அணுசக்தி நிலையம் தொடங்கிய பின்னர்ச் செம்பூரிலும் நம்மவர் பெருகினர். இவ்வாறு அமைந்த இல்லங்களில் தோட்டம் இல்லை, கொல்லைப்புறம் இல்லை, பசுவுக்கு இடமில்லை. ஒரு கூண்டுக்கு மட்டும் இடமிருந்தது.

1869இல் எழுந்த கிராஃபர்டு மார்க்கெட்டில் பறவைகளும் வளர்ப்புப் பிராணிகளும் விற்கும் கடைகள் நெடுங்காலம் இருந்தன. தெருக்களிலும் கூடை சுமந்து கிளி விற்போர் வருவர். நாம் வாங்கியதெல்லாம் குஞ்சுகள். குஞ்சாக வாங்கினால்தான் பேச்சு வரும் என்பர். அக்குஞ்சு எங்கிருந்து வந்தது என்று நம்மில் யாரும் கேட்டதில்லை. கிளி மரப்பொந்தில் முட்டையிடும் பறவை. பிடிப்போர் பொந்தை வெட்டித் திறந்து, சிறகு முளையாத குஞ்சுகளை எடுத்துச் சாக்கிலும் கூடையிலும் நெருக்கி அடைத்துத் தொலைதூரம் அனுப்புவர். வழியில் இறந்தவை போக, எஞ்சியவையே நகரத்துச் சந்தையை அடைந்தன. நம் வீட்டில் "அக்கா" என்றழைத்த ஒரு குரலுக்குப் பின்னால் வாய் திறவாமலே மடிந்த குரல்கள் பல இருந்தன.

பறவைகளை அறியும் முயற்சிக்கும் இந்நகரமே தாயகமாயிற்று. 1883இல் எண்மர் கூடிப் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தைத் தொடங்கினர். அச்சங்கத்தின் அலுவலகத்திலேயே 'வில்லியம்' என்னும் இருவாச்சிப் பறவை ஒன்று 1894 முதல் 1920 வரை வாழ்ந்தது. அதன் உருவமே சங்கத்தின் சின்னமாயிற்று. கற்றறிந்தோரும் அன்று பறவையை அடைத்தே நேசித்தனர். அச்சங்கத்தோடு வாழ்நாள் முழுதும் இணைந்திருந்த சாலிம் அலி, 1941இல் வெளியிட்ட இந்தியப் பறவைகள் பற்றிய நூலின் வாயிலாக, பறவையை அதன் மரத்திலேயே கண்டு மகிழப் பொதுமக்களுக்கு வழிகாட்டினார்.

சட்டத்தின் வரலாற்றில் ஒரு தமிழ்ப் பெண்மணிக்கு முதலிடம் உண்டு. கலாக்ஷேத்திரத்தை நிறுவிய ருக்மணி தேவி அருண்டேல், மாநிலங்களவை உறுப்பினராயிருந்தபோது விலங்குகளுக்கிழைக்கப்படும் கொடுமையைத் தடுக்க மசோதா கொணர்ந்தார். அதன் பயனாக 1960இல் பிராணிவதைத் தடுப்புச் சட்டம் பிறந்தது. 1962இல் அமைந்த விலங்கு நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவர். உயிர் அசைந்து திரியப் போதிய நீளமும் அகலமும் உயரமும் இல்லாத கூண்டில் அதனை அடைப்பது கொடுமை என்று அச்சட்டம் கூறுகிறது. இறக்கையை முழுவதும் விரிக்கவொட்டாத நம் பழைய வட்டக் கூண்டுகளை நினைத்துப் பார்த்தால் தலை குனியவேண்டியிருக்கிறது. பின்னர் 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1990-91இல் இந்தியப் பறவைகளின் வாணிகம் முற்றிலும் தடை செய்யப்பட்டது. 2022இல் திருத்தப்பட்ட சட்டம் 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது. நாட்டுக் கிளிகளுக்கு அதிலும் பாதுகாப்பு உண்டு.

இவ்வளவையும் அறிந்தபின், "சரி, திறந்துவிட்டால் போயிற்று" என்று எண்ணுவது இயல்பு. அவ்வாறு எண்ணித் தவறிய அனுபவம் நமக்கே உண்டு. செம்பூரில் குடியிருந்தபோது நம் வீட்டில் பதினோராண்டு வளர்ந்த கிளி ஒன்று. ஒரு தைப்பொங்கல் நாளில், புண்ணியம் என்று கருதிக் கூண்டுக் கதவைத் திறந்தோம். அது முதலில் வெளியே வர மறுத்தது. பின் எதிர்வீட்டுச் சுவர்மீது தத்தி அமர்ந்தது. சில நிமிடங்களில் காகங்கள் சூழ்ந்தன. பறந்து தப்ப அதன் சிறகுக்கு வலிமையில்லை. ஒளிந்துகொள்ளும் வகையும் அது அறியாது. "அக்கா, அக்கா" என்று நாம் கற்பித்த சொல்லையே சொல்லிக் கத்தியது. நாம் ஓடி எடுப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அடைத்தது ஒரு பிழை. ஆயத்தமின்றித் திறந்தது மற்றொரு பிழை.

ஆதலால் இன்று யாரேனும் ஒருவர் இல்லத்தில் பழைய கிளி இருக்குமாயின், வனத்துறையினருக்குத் தெரிவித்து அவர்களிடம் ஒப்படைப்பதே முறை. காயமுற்ற பறவை தெருவிலோ மாடியிலோ விழுந்து கிடந்தால், பரேலில் பாய் சாகர்பாய் தின்ஷா பெட்டிட் விலங்கு மருத்துவமனை இருக்கிறது; சர் தின்ஷா பெட்டிட் தம் மனைவியின் பெயரால் 1883இல் நிறுவிய அறநிலையம் அது.

வீட்டில் பறவைக் குரல் வேண்டும் என்போர் இன்று பெரும்பாலும் 'லவ் பேர்ட்ஸ்' என்று நாம் அழைக்கும் சிறு கிளிகளை வாங்குகின்றனர். இவை ஆஸ்திரேலியாவைத் தாயகமாகக் கொண்டவை. 1840இல் ஜான் கூல்டு என்னும் பறவையியலார் இங்கிலாந்துக்கு உயிருடன் கொணர்ந்தபின் உலகெங்கும் கூண்டிலேயே இனம் பெருகின. இவற்றை வளர்ப்பதற்குத் தடையில்லை. ஆயினும் கடமை உண்டு. தனியாக ஒன்றை வளர்த்தல் ஆகாது, துணை வேண்டும். கூண்டு, மேல்நோக்கி உயர்ந்திருப்பதைவிடப் பக்கவாட்டில் நீண்டிருத்தல் நன்று. தினையோடு கீரையும் காயும் சேர்த்து இடுக. உப்பிட்ட பண்டம், இனிப்பு, தேநீர், வெண்ணெய்ப்பழம் ஆகியவை கூடா. அடுக்களையில் கூண்டை வைத்தல் பெருந்தவறு. நான்-ஸ்டிக் வாணலி அளவுமீறிக் காய்ந்தால் எழும் புகை, சிறு பறவைகளை விரைவில் கொன்றுவிடும். இரவில் இருளும் அமைதியும் அவற்றுக்குத் தேவை. தொலைக்காட்சிக்கு அருகில் வைக்கலாகாது.

மூத்தோர் வினாவின் மறுபாதிக்கு இனி வருவோம். கிளி ஏன் நம் மொழியைக் கற்கிறது? அது கூட்டமாக வாழும் பறவை. தன் கூட்டத்தின் குரலைக் கேட்டுக் கற்பது அதன் இயல்பு. கூட்டத்தினின்று பிரிக்கப்பட்ட கிளி, வேறு வழியின்றி நம்மையே தன் கூட்டமாக ஏற்று நம் ஒலியைக் கற்கிறது. அது தமிழ் பேசியது நம்மீது கொண்ட அன்பினால் என்று நாம் மகிழ்ந்தோம், அன்பும் இருந்திருக்கலாம். ஆனால் அதன் அடியில் இருந்தது தனிமை. ஊர்க்குரல் கேளாத தனிமை இன்னதென்று நம்மைவிட நன்கறிந்தவர் யார்?

மாலை வேளையில் மாதுங்காவின் ஐந்து தோட்டங்களுக்கோ, தாராவியை அடுத்து, குப்பைமேடாயிருந்து 1994இல் இயற்கைப் பூங்காவாகத் திறக்கப்பட்ட மீத்தி ஆற்றங்கரைக்கோ சென்று நிமிர்ந்து பாருங்கள். செந்தார்ப் பைங்கிளிகள் கூட்டங்கூட்டமாக, ஆரவாரத்தோடு மரமடையும். அவற்றின் பேச்சில் ஒரு சொல்லும் நமக்கு விளங்காது. அது நம்மை நோக்கிச் சொல்லப்படுவதன்று. அந்த ஆரவாரத்தைக் கேட்டு, குழந்தைகளுக்கும் காட்டி, வெறுங்கையோடு வீடு திரும்புவதே இன்று நாம் கிளி வளர்க்கும் முறை. பிரிந்தவர் வருவாரா என்று கிளியைக் கேட்டாள் முல்லை நிலத்துத் தலைவி. பிரிந்து வந்த நாம், இன்னோர் உயிரை அதன் கூட்டத்தினின்று பிரிக்காதிருப்போமாக.