ஃபிட்ஸ்: வானியல் படங்களுக்கான பொதுக் கோப்பு வடிவம்

ஃபிட்ஸ் என்பது, தொலைநோக்கிகள் பதிவு செய்யும் வானப் படங்களையும் அவற்றோடு சேர்ந்த அளவீடுகளையும் ஓர் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து மற்றொன்றுக்குப் பொருள் மாறாமல் கொண்டு சேர்ப்பதற்கென்று 1979ஆம் ஆண்டில் வகுக்கப்பெற்று, பின்னர் வானியலார் பொதுப் பிரமாணமாக ஏற்றுக்கொண்ட கோப்பு வடிவமாகும். படத்தைக் கண்ணுக்கு இனிதாகக் காட்டுவது இதன் நோக்கமன்று; ஒவ்வொரு புள்ளியிலும் அளக்கப்பெற்ற ஒளியை எண்ணாகவே காத்து, அவ்வெண் எந்தக் கருவியால், எந்த நாளில், வானத்தின் எப்பகுதியிலிருந்து பெறப்பட்டது என்னும் விவரத்தையும் அதனோடு பிரியாமல் வைப்பதே நோக்கம்.

இதன் அவசியம் கணினிகளின் வேற்றுமையால் பிறந்தது. அரிசோனாவிலுள்ள கிட் பீக் வானாய்வகத்தின் சிடிசி 6400 கணினி ஒரு சொல்லுக்கு, அதாவது அது ஒரே தடவையில் கையாளும் அலகுக்கு, 60 பிட் கொண்டது. அமெரிக்கத் தேசிய வானொலி வானாய்வகத்தின் ஐபிஎம் 360 கணினியோ 32 பிட் கொண்டது. 16 பிட், 36 பிட் கணினிகளும் வழக்கில் இருந்தன. எழுத்துக்களைக் குறிக்கும் முறையும் ஒன்றாக இல்லை. ஒரே விண்மீன் மண்டலத்தின் ஒளிப்படத்தையும் வானொலிப் படத்தையும் ஒப்புநோக்க விரும்பியவர், அயல் நிலையத்துக் காந்த நாடா ஒவ்வொன்றுக்கும் தனி நிரல் எழுத வேண்டியிருந்தது. பத்து நிலையங்கள் தம்முள் நேராகப் பரிமாறிக்கொள்ளத் தொண்ணூறு நிரல்கள் வேண்டும். பொது வடிவம் ஒன்று இருப்பின், எழுத ஒன்றும் படிக்க ஒன்றுமாக இருபதே போதும்.

1979 மார்ச்சில் கிட் பீக்கைச் சேர்ந்த டான் வெல்ஸும் வானொலி வானாய்வகத்தைச் சேர்ந்த எரிக் கிரைசனும் கூடி ஆலோசித்து இவ்வடிவத்தின் அடிப்படையை நிர்ணயித்தனர். நெதர்லாந்தின் ரான் ஹார்ட்டெனும் சேர்ந்து மூவர் பெயரால் 1981இல் வெளியான கட்டுரையே இதன் மூல சாசனம். கோப்பு முழுவதும் 2880 பைட் கொண்ட தொகுதிகளாக அமைய வேண்டுமென்று அவர்கள் விதித்த விதி நுட்பமான யோசனையின் பயன். 2880 பைட் என்பது 23,040 பிட். அதனை 16, 18, 24, 32, 36, 48, 60 ஆகிய எந்த எண்ணாலும் மீதியின்றி வகுக்கலாமாதலின், அக்காலத்து எந்தக் கணினிக்கும் அது முழுச் சொற்களாகவே அமைந்தது. முதலில் வரும் முகப்புப் பகுதி, துளை அட்டையின் அளவைப் பின்பற்றி, 80 எழுத்துக் கொண்ட வரிகளால் ஆனது. தொகுதிக்கு 36 வரிகள். ‘சிம்பிள்’ என்ற சொல்லில் தொடங்கி, ஒரு புள்ளிக்கு எத்தனை பிட் என்பதைப் ‘பிட்பிக்ஸ்’ என்றும், படத்துக்கு எத்தனை பரிமாணம் என்பதை ‘நாக்சிஸ்’ என்றும் கூறி, ‘எண்ட்’ என்பதோடு அது முடியும். சாதாரண எழுத்துக்களாலேயே ஆனதால், சிறப்பு நிரல் எதுவும் இல்லாதவரும் முகப்பைப் படித்துப் பொருள் உணரலாம். காலத்தைக் கடந்து நிற்க வேண்டிய பதிவுக்கு இதனினும் சிறந்த குணம் வேறில்லை.

சர்வதேச வானியல் ஒன்றியம் 1982இல் கிரீஸ் நாட்டுப் பத்ராஸில் கூடிய மகாசபையில் இதனை அங்கீகரித்தது; 1988இல் இதனைப் பராமரிக்கத் தனிக் குழு அமைத்தது. புதிய அம்சம் எதனைச் சேர்ப்பினும் முன்னர் முறைப்படி எழுதப்பட்ட எந்தக் கோப்பும் செல்லாததாகிவிடக் கூடாது என்பது அக்குழு விடாது போற்றும் நியதி. அட்டவணைகளும், மிதவைப் புள்ளி எண்களும், 2002இல் வெளியான வான ஆயத்தொலை விதிகளும் இந்நியதிக்கு உட்பட்டே சேர்ந்தன. ஆண்டை இரண்டு இலக்கத்தில் எழுதும் வழக்கம் 2000ஆம் ஆண்டை நெருங்கியபோது இடர் விளைக்குமென்று கண்டு, 1997இல் நான்கு இலக்க முறை வகுக்கப்பட்டது. பழைய தேதிகள் இருபதாம் நூற்றாண்டின் தேதிகளாகவே இன்றும் கொள்ளப்படுகின்றன. முகப்பு வரியைத் தொடங்கும் திறவுச்சொல் எட்டு எழுத்துக்கு மேற்படக் கூடாதென்பது போன்ற கட்டுப்பாடுகளைச் சிலர் குறை கூறுவதுண்டு. ஆயினும் அந்தக் கண்டிப்பே நாற்பதாண்டுக்கு முந்திய நாடாவின் உள்ளடக்கத்தை இன்றைய நிரலும் படிப்பதற்குக் காரணம்.

ஹபிள் தொலைநோக்கியின் படங்களும், கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் எடுக்கப்பெற்ற கண்ணாடித் தகடுகளின் எண்மப் பிரதிகளும் இவ்வடிவத்திலேயே வழங்குகின்றன. வானியலுக்குத் தொடர்பற்ற வத்திக்கான் நூலகமும் தன் கையெழுத்துச் சுவடிகளைக் காக்க இதனையே தேர்ந்தது. நான்காம் பதிப்பு 2016இல் ஒப்புதல் பெற்றது. மிகப் பெரிய தரவுகளுக்கு எச்டிஎஃப்5, ஏஎஸ்டிஎஃப் என்னும் வேறு வடிவங்களும் தற்போது வழக்கில் உள்ளன.