மறுப்பு நூல்களின் வாசகர் யார்? வீரமாமுனிவரும் தரங்கை லுத்தரன் சபையும்

சங்கரன்கோவில் தலபுராணத்தில் சங்கனும் பதுமனும் நிகழ்த்திய ‘சிவனா, திருமாலா’ எனும் வாதம் தர்க்கத்தாலன்றி இறைக்காட்சியால் முடிகிறது. கிறித்தவச் சபைகளின் வாதத்திற்கு அத்தகைய முடிவு வாய்க்கவில்லை. 1706இல் சீகன்பால்கு தரங்கம்பாடியில் தொடங்கிய லுத்தரன் பணியை எதிர்த்து, காமநாயக்கன்பட்டியிலும் பணியாற்றிய வீரமாமுனிவர் (1680–1747) வேதவிளக்கம், பேதகமறுத்தல், லுத்தேரினத்தியல்பு ஆகிய உரைநடை நூல்களை இயற்றினார். லுத்தரன் தரப்பு விவிலியத்தையே இறுதிப் பிரமாணமாகக் கொண்டது. கத்தோலிக்கத் தரப்பு திருச்சபை மரபையும் உடன் கொண்டது. பிரமாணம் பொதுவாக அமையாதவிடத்து எச்சான்றும் எதிர்த்தரப்பைக் கட்டுப்படுத்தாது. எனவே இந்நூல்களின் மெய்யான வாசகர் எதிரியர் அல்லர், தம் சபையாரே எனக் கருதலாம்; செய்யுளில் வல்ல முனிவர் இவற்றுக்கு உரைநடையைத் தேர்ந்தமையும் இதற்கு இசைவானதே. ஆகவே மதமாற்ற வரலாறு எழுதுவோர் இவற்றைச் சபை எல்லைகளை வரைந்த ஆவணங்களாக வாசித்தல் வேண்டும்.