ஒன்பதாம் பாட்டில் ஒரு தீத்தூண்

பென் மாமா 2002இல் சாம் ரெய்மியின் 'ஸ்பைடர்மேன்' படத்தில் செத்தார். பத்து வருடம் கழித்து, 2012இல் வந்த மார்க் வெப்பின் படத்தில் மறுபடியும் செத்தார். புரூஸ் வெய்னின் அப்பா அம்மா எத்தனை தடவை அந்தச் சந்தில் சுடப்பட்டார்கள் என்பதற்குக் கணக்கே இல்லை. 2005இல் 'பேட்மேன் பிகின்ஸ்' அதை விரிவாகக் காட்டியது. 2016இல் 'பேட்மேன் வெர்சஸ் சூப்பர்மேன்' பெயர் போடும்போதே அதை ஓட்டி முடித்தது. தியேட்டரில் "இதான் தெரியுமே, மேல போ" என்று யாராவது முனகுவது கேட்கும். அப்புறம் படம் எடுப்பவர்களும் உஷாராகிவிட்டார்கள். 2016இல் 'சிவில் வார்' படத்தில் டாம் ஹாலண்ட் நுழையும்போது சிலந்தி கடித்து முடிந்திருந்தது, மாமாவும் போய்ச் சேர்ந்திருந்தார். 2022இன் 'தி பேட்மேன்' அந்தச் சந்துக்குள் போகவே இல்லை. 2025இன் 'சூப்பர்மேன்' சில வரி எழுத்தைத் திரையில் காட்டிவிட்டு, அடிபட்டு விழுந்து கிடக்கும் நாயகனிலிருந்து தொடங்கியது.

ஊருக்கே தெரிந்த தோற்றக்கதையைத் திரும்பச் சொல்லலாமா, சொன்னால் எப்படி? இதை ஹாலிவுட்டின் தலைவலி என்றுதான் பேசுகிறோம். ஆனால் குறைந்தது 1300 வருடமாக இதே கேள்வியோடு மல்லுக்கட்டி வரும் ஊர் ஒன்று நம்மிடம் இருக்கிறது. திருவண்ணாமலை.

அந்த ஊரின் தோற்றக்கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். பிரமனுக்கும் திருமாலுக்கும் யார் பெரியவர் என்று சண்டை. நடுவில் ஒரு நெருப்புத்தூண் எழுகிறது. பிரமன் அன்னமாகி மேலே பறக்கிறான், திருமால் பன்றியாகிக் கீழே தோண்டுகிறார். முடியும் தெரியவில்லை, அடியும் தெரியவில்லை. அந்தத் தூண்தான் சிவன், அது குளிர்ந்து நின்றதுதான் மலை.

7ஆம் நூற்றாண்டில் சம்பந்தர் பாட வந்தபோதே இது பழைய கதை. அவர் என்ன செய்தார் என்பதைக் கவனித்தால் ஆச்சரியமாக இருக்கும். அவருடைய பதிகங்கள் பெரும்பாலும் பதினொரு பாட்டு கொண்டவை. எட்டாவது பாட்டில் இராவணன் மலையடியில் நசுங்குவான். ஒன்பதாவதில் மாலும் அயனும் தேடித் தோற்பார்கள். எந்த ஊரைப் பாடினாலும் அநேகமாக இதே வரிசைதான். தோற்றக்கதைக்கு அவர் ஒதுக்கும் இடம் ஒரே ஒரு பாட்டு. மற்ற பாட்டுகளில் அருவி, மான், மயில், மூங்கில், புலி என்று ஊரும் காடும் மலையும் நிறைந்திருக்கும். அண்ணாமலைக்குப் பாடிய இரண்டு பதிகங்களிலும், அதாவது அந்தக் கதையின் சொந்த ஊரிலேயே, அவர் அதற்கு இதைவிட அதிக இடம் தரவில்லை.

2005இல் தொடங்கிய 'ஆல் ஸ்டார் சூப்பர்மேன்' காமிக்ஸில் கிராண்ட் மாரிசனும் ஃபிராங்க் குவைட்லியும் இதையே செய்தார்கள். சூப்பர்மேனின் மொத்தத் தோற்றக்கதையும் நான்கு கட்டம், எட்டு ஆங்கிலச் சொல். அவ்வளவுதான். வாசகனுக்குத் தெரியும் என்று நம்பினால் இவ்வளவு சுருக்க முடியும். கதையை அப்படியே தூக்கி எறிவது வேறு, ஒன்பதாம் பாட்டில் வைப்பது வேறு. தூக்கி எறிந்தால் புதிதாக வருகிறவனுக்கு ஒன்றும் கிடைக்காது. ஒரு பாட்டில் வைத்தால் தெரிந்தவன் தலையாட்டுவான், தெரியாதவன் பக்கத்திலிருப்பவரிடம் "அது யாரு பன்னியா போனது?" என்று கேட்பான்.

அப்பர் இதற்கு நேர் எதிர்வழியில் போனார். இலிங்கபுராணத் திருக்குறுந்தொகை என்று ஒரு பதிகம் முழுவதையும் இந்தக் கதைக்கே கொடுத்தார். ஆனால் பறந்ததையும் தோண்டியதையும் அவர் வர்ணித்துக்கொண்டிருக்கவில்லை. அந்த இருவரும் எதையெல்லாம் செய்யவில்லை என்று பட்டியல் போடுகிறார். பூப் பறித்துப் போடவில்லை, நெய்யும் பாலும் கொண்டு ஆட்டவில்லை, ஆனால் பார்த்துவிட வேண்டும் என்று கிளம்பிவிட்டார்கள். ஒரு சாதாரண பக்தன் தினமும் செய்கிற சின்னச் சின்ன வேலைகளின் வரிசை அது. தேவர்களின் கதையைக் கோயிலுக்குப் பூக்கூடையோடு போகிறவனின் பக்கத்தில் நின்று சொல்கிறார். கதையில் ஒரு சம்பவம்கூட மாறவில்லை. நிற்கும் இடம் மட்டும் மாறியிருக்கிறது. மறுபடி முழுசாகச் சொல்லத்தான் வேண்டும் என்றால், இப்படி ஒரு காரணம் இருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

சிற்பிகள் கண்டுபிடித்தது மூன்றாவது வழி. 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்மன் கட்டிய காஞ்சி கைலாசநாதர் கோயிலிலேயே இந்தக் காட்சி இருக்கிறது. சோழர் காலத்தில் கருவறையின் பின்சுவர்க் கோட்டம் லிங்கோத்பவருக்கு என்று ஏறக்குறைய வழக்கமாகிவிட்டது. அடுத்த முறை சிவன் கோயிலுக்குப் போனால் சுற்றி வரும்போது பின்பக்கம் நின்று பாருங்கள். தூண் பிளந்து நடுவில் சிவன் தெரிவார். அவருடைய பாதம் தூணுக்குள் மறைந்திருக்கும், முடியின் உச்சியும் மறைந்திருக்கும். மேலே அன்னம் இன்னும் பறந்துகொண்டிருக்கும், கீழே பன்றி இன்னும் தோண்டிக்கொண்டிருக்கும். சண்டை எப்படி ஆரம்பித்தது, எப்படி முடிந்தது எதுவும் அங்கே கிடையாது. பார்க்கிற நமக்கும் அடிமுடி தெரியாது. பிரமனுக்குக் கிடைத்த தோல்வி நமக்கும் கிடைக்கிறது.

இங்கே இன்னொரு விஷயத்தையும் பார்க்க வேண்டும். கார்த்திகை விளக்கு என்றாலே இன்று நமக்குத் தீத்தூண் நினைவுக்கு வருகிறது. ஆனால் அந்த விளக்குக்கு இந்தக் கதையைவிட வயது அதிகம். அகநானூற்றின் 141ஆம் பாட்டில் கார்த்திகை நிலவில் தெருவெல்லாம் விளக்கு வைக்கிறார்கள். அதில் சிவனும் இல்லை, தூணும் இல்லை. சம்பந்தரின் மயிலாப்பூர்ப் பூம்பாவைப் பதிகம் இன்னும் சுவாரசியமானது. அதன் மூன்றாம் பாட்டில் கார்த்திகை விளக்கீடு வருகிறது. ஒன்பதாம் பாட்டில் நான்முகனும் நாரணனும் வருகிறார்கள். இரண்டையும் அவர் முடிச்சுப் போடவே இல்லை. விளக்கு முதலில் வந்தது, அதற்கான காரணக்கதை பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

பேட்மேனும் இப்படித்தான். 1939 மே மாத 'டிடெக்டிவ் காமிக்ஸ்' 27ஆம் இதழில் அவன் வந்தபோது அவனுக்கு அப்பா அம்மா கதை கிடையாது. அது அதே வருடம் நவம்பரில், 33ஆம் இதழில், இரண்டே பக்கத்தில் வந்தது. தோற்றக்கதை இல்லாமலேயே அவன் ஆறு இதழ் ஓடியிருக்கிறான். தோற்றக்கதை என்பது பல நேரம் தோற்றத்தில் இருப்பதில்லை. நமக்குப் பிடித்துப்போன ஒன்றுக்கு நாம் பின்னால் தேடிக் கண்டுபிடிக்கும் காரணம் அது. எனவே அதைத் தொடவே கூடாது என்பவர்களிடம் எனக்கு உடன்பாடில்லை. தொட்டுத் தொட்டு வந்ததுதான் அது.

ஆனால் எல்லாத் தொடுதலும் நல்லதில்லை. தாழம்பூவை எடுத்துக்கொள்வோம். பிரமன் முடியைக் கண்டதாகப் பொய் சொன்னான், தாழம்பூ பொய்ச்சாட்சி சொன்னது, அதனால்தான் பிரமனுக்குக் கோயில் இல்லை, தாழம்பூ சிவபூஜைக்கு ஆகாது. இது சிவபுராணத்தில் இருக்கிறது. லிங்கபுராணம் சொல்லும் கதையில் இல்லை. அங்கே இருவரும் களைத்துத் திரும்பி வந்து வணங்குகிறார்கள். அண்ணாமலையைப் பாடிய சம்பந்தரின் இரண்டு பதிகங்களிலும் இல்லை. தாழம்பூ வந்ததும் கதை சூடு பிடிக்கிறது என்பது உண்மைதான். வில்லன் கிடைக்கிறான், தண்டனை கிடைக்கிறது, குழந்தைகளுக்குச் சொல்ல நீதியும் கிடைக்கிறது. ஆனால் அளக்க முடியாத ஒன்றின் முன் திகைத்து நின்ற கதை, பொய் சொன்னால் மாட்டிக்கொள்வாய் என்கிற கதையாகச் சுருங்கிவிடுகிறது.

2014இல் வந்த 'அமேசிங் ஸ்பைடர்மேன் 2' செய்த வேலையும் இதே ரகம். பீட்டரின் அப்பா தன் சொந்த மரபணுவைச் சிலந்திகளில் வைத்திருந்தார், அதனால்தான் கடி பீட்டருக்கு வேலை செய்தது என்று ஒரு விளக்கம். 1962இல் ஸ்டான் லீயும் ஸ்டீவ் டிட்கோவும் பதினொரு பக்கத்தில் சொன்ன கதையின் உயிரே, அந்தச் சிலந்தி யாரையும் கடித்திருக்கலாம் என்பதுதான். விளக்கம் கொடுத்து அதை ரத்த உரிமையாக்கிவிட்டார்கள்.

மாற்றிச் சொல்வதில் கேளிக்கையைவிடப் பெரிய ஒன்றும் அடங்கியிருக்கிறது. அதற்கு வல்லாள மகாராஜாவைப் பார்க்க வேண்டும். ஹொய்சள அரசர் மூன்றாம் வல்லாளன் கடைசிக் காலத்தில் திருவண்ணாமலையிலிருந்து ஆண்டவர். கோயிலில் ஒரு கோபுரமே அவர் பெயரில் இருக்கிறது. மதுரை சுல்தானோடு நடந்த போரில் 1342-43 வாக்கில் பிடிபட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய தோலில் வைக்கோல் அடைத்து மதுரைச் சுவரில் தொங்கவிட்டிருந்ததைத் தான் பார்த்ததாக இப்னு பதூதா எழுதியிருக்கிறார்.

ஊர் அவரை நினைவில் வைத்திருக்கும் விதம் வேறு. எல்லப்ப நாவலரின் அருணாசல புராணத்தில் வல்லாளன் பிள்ளையில்லாத அரசன். அடியார் வேடத்தில் வந்த சிவன் ஒரு பெண்ணைக் கேட்கிறார். ஊரில் யாரும் கிடைக்காமல் இளைய ராணியே அனுப்பப்படுகிறாள். அவள் தொட்டதும் அடியார் குழந்தையாகிறார். மறைகிறவர், மகனாக இருந்து உனக்குக் கருமம் செய்வேன் என்று வாக்குக் கொடுக்கிறார். இன்றும் தை மாதத் தீர்த்தவாரியின்போது அண்ணாமலையாருக்கு அரசர் இறந்த செய்தி சொல்லப்படுகிறது. அவர் மேளதாளம் இல்லாமல் கோயிலுக்குத் திரும்புகிறார். மாசி மகத்தன்று பள்ளிகொண்டாபட்டில் திதி கொடுக்கிறார்.

இதை வரலாற்றைத் திரித்த கதை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. உடம்புகூடக் கிடைக்காமல் போன ஒருவருக்கு ஊர் ஒரு மகனைக் கொடுத்திருக்கிறது, அதுவும் தன் சாமியையே. ஆனால் அந்தத் தோல் தொங்கிய சுவரைச் சேர்த்துப் படிக்காவிட்டால் இந்தத் திதியின் கனம் புரியாது. அதேபோல, கதையில் அனுப்பப்பட்ட அந்த இளைய ராணியிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. ஒருநாள் யாராவது இந்தக் கதையைத் திரும்ப எழுதினால் அங்கிருந்து தொடங்கட்டும். பழைய கதையைத் திரும்பச் சொல்ல வேண்டிய இடம் இதுதான்: யாருடைய இழப்பு இன்னும் சொல்லப்படாமல் இருக்கிறதோ அந்த இடம்.

திருவண்ணாமலை இதை ஏற்கெனவே ஒரு தடவை செய்திருக்கிறது. அடிமுடிக் கதையில் பெண்ணே கிடையாது. தலபுராணம் பக்கத்திலேயே இன்னொரு கதையை வைத்தது. விளையாட்டாகச் சிவன் கண்ணைப் பொத்தி உலகை இருட்டாக்கிய பார்வதி, காஞ்சியிலும் பிறகு இங்கேயும் தவம் இருந்து, கார்த்திகையன்று ஒளியைக் கண்டு பாதி உடம்பைப் பெறுகிறாள். தீபத்தன்று மாலை ஆறு மணிக்கு அர்த்தநாரீசுவரர் சில நிமிடங்கள் மட்டும் வெளியே ஆடி வருவார். அந்த நேரத்தில்தான் மலையுச்சியில் தீபம் ஏறும். ஒரே சுடரில் இரண்டு தோற்றக்கதைகள், ஒன்று இன்னொன்றை அழிக்கவில்லை.

அந்த மாலையில் யாரும் மைக் பிடித்துப் பிரமன் பறந்த கதையை விளக்குவதில்லை, விளக்கவும் தேவையில்லை. 2,668 அடி உயர மலைக்குப் பருவதராஜகுலத்தார் கொப்பரையையும் திரியையும் நெய்யையும் சுமந்து ஏற்றியிருப்பார்கள். கீழே லட்சக்கணக்கான பேர் அண்ணாந்து நிற்பார்கள். திரி பற்றியதும் "அரோகரா" என்று ஒரே சத்தம். முடிவு தெரிந்த கதைக்கு அவ்வளவு கூட்டம். பத்து நாளுக்கு மேல் எரிந்த பிறகு கொப்பரை இறங்கும். அந்த மையை நெற்றியில் இட்டுக்கொள்ள மார்கழியில் மறுபடியும் வரிசை நிற்கும்.