பிரெஞ்சு எங்கள் பிள்ளைகளுக்கு எதற்கு? – கனடாவின் மொழி வரலாறு தரும் பதில்



பாலர் வகுப்புப் பதிவு நெருங்கும் காலத்தில் நேயர்கள் தொலைபேசியில் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. வரிக் கடதாசிகளோடு என்னிடம் வருகிற இளம் பெற்றோரும் அதையே கேட்கிறார்கள். "அண்ணை, பிள்ளையை பிரெஞ்சு இமேர்ஷனில் விடலாமோ? ஆங்கிலம் பிந்திவிடாதோ? இருக்கிற தமிழும் போய்விடாதோ?"

இது நியாயமான பயம். மொழியால் வந்த இழப்பை எங்களைவிட அறிந்தவர்கள் குறைவு. பதிலை இந்த நாட்டின் வரலாற்றிலிருந்து தேடுவதே நல்லது. கனடாவில் பிரெஞ்சு மொழி இன்றுள்ள இடத்தை யாரும் சும்மா தூக்கிக் கொடுக்கவில்லை.

தோற்றவர்களின் மொழி

1608இல் கியூபெக் நகரம் பிரெஞ்சுக் குடியேற்றமாகத் தொடங்கியது. 1759இல் அந்நகரின் வெளியே நடந்த போரில் பிரித்தானியர் வென்றார்கள். 1763இல் பாரிஸ் உடன்படிக்கையின்படி நாடு கைமாறியது. அதிலிருந்து பிரெஞ்சு தோற்றவர்களின் மொழி. 1774ஆம் ஆண்டுக் கியூபெக் சட்டம் அவர்களுடைய மதத்துக்கும் குடியியல் சட்டத்துக்கும் இடம் கொடுத்தது. 1839இல் டேர்ஹம் பிரபுவின் அறிக்கை மறுபக்கம் திரும்பியது. இவர்களுக்கு வரலாறும் இல்லை, இலக்கியமும் இல்லை, ஆங்கிலேயரோடு கரைந்து போவதே வழி என்றது அது. 1840ஆம் ஆண்டு ஒன்றியச் சட்டம் சட்டசபையின் எழுத்து மொழியாக ஆங்கிலத்தை மட்டும் வைத்தது. எட்டே ஆண்டுகளில், 1848இல், அந்தப் பிரிவை நீக்க வேண்டி வந்தது.

1867இல் கனடாக் கூட்டாட்சி உருவானபோது, மத்திய பாராளுமன்றத்திலும் கியூபெக் சட்டசபையிலும் அவற்றின் நீதிமன்றங்களிலும் இரு மொழிகளுக்கும் 133ஆம் பிரிவு இடம் தந்தது. ஆனால் சட்டத்தில் இருப்பது நடைமுறையில் இல்லாமல் போவது எங்களுக்குப் புதிதல்லவே. மனிற்றோபா மாகாணம் 1870இல் இரு மொழி உரிமையோடு பிறந்தது. 1890இல் அந்த மாகாணமே ஆங்கிலத்தை மட்டும் அரசகரும மொழியாக்கியது. அது செல்லாது என்று கனடா உச்ச நீதிமன்றம் சொன்னது 1979இல். 89 ஆண்டுகள்! அதற்குள் எத்தனை தலைமுறைகள் மொழியை விட்டுவிட்டிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

எங்களில் பலர் வாழும் ஒன்ராறியோவின் கதையும் சிறப்பானதல்ல. 1912இல் வந்த 17ஆம் இலக்க ஒழுங்குவிதி, பிரெஞ்சு மொழியில் கற்பிப்பதைப் பாடசாலையின் முதல் இரண்டு ஆண்டுகளோடு மட்டுப்படுத்தியது. ஒட்டாவாவில் குயிக் என்ற பாடசாலையில், ஆசிரியைகளான டெலோஜ் சகோதரிகள் தொடர்ந்து பிரெஞ்சில் கற்பித்தார்கள். 1916இல் அவர்களை வெளியேற்ற அதிகாரிகள் வந்தபோது, தாய்மார் தொப்பி ஊசிகளையே ஆயுதமாகப் பிடித்து வாசலில் காவல் நின்றார்கள். 1927இல் அந்த விதி கைவிடப்பட்டது. 2016இல் ஒன்ராறியோ அரசு அதற்காகச் சட்டசபையில் மன்னிப்புக் கேட்டது.

ஒரு கணக்கு

1963இல் பிரதமர் லெஸ்டர் பியர்சன் இருமொழி, இருபண்பாடு பற்றிய ஆணைக்குழுவை நியமித்தார். லோரண்டோ, டன்ரன் இருவரும் அதன் இணைத் தலைவர்கள். அவர்கள் வெளியிட்ட ஒரு கணக்கு, கணக்காளனான என்னை இன்றைக்கும் யோசிக்க வைக்கிறது. 1961ஆம் ஆண்டுத் தரவுகளின்படி, கியூபெக் மாகாணத்தில் 14 இனக் குழுக்களின் வருமானத்தை வரிசைப்படுத்தியபோது, பிரெஞ்சுக் கனடியர் 12ஆம் இடத்தில் நின்றார்கள். தங்கள் சொந்த மாகாணத்தில், தாங்களே பெரும்பான்மையாக இருக்கும் இடத்தில்! இரண்டு மொழியும் தெரிந்த பிரெஞ்சுக்காரரைவிட ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர் கூடச் சம்பாதித்தார். மொழி என்பது உணர்ச்சி மட்டுமல்ல, சோற்று விடயமும்தான் என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

அந்த ஆணைக்குழுவின் பயனாக, 1969இல் பியேர் ட்ரூடோவின் காலத்தில் அரசகரும மொழிகள் சட்டம் வந்தது. இந்த இடத்தில் எங்கள் தலைமுறைக்கு 1956 நினைவு வராமல் இருக்காது. தனிச் சிங்களச் சட்டம் வந்த ஆண்டு அது. ஒரு மொழி என்றால் இரண்டு நாடாகும் என்று கொல்வின் ஆர். டி சில்வா எச்சரித்தும் கேட்கவில்லை. சிங்களத்தில் தேர்ச்சி பெறாத தமிழ் உத்தியோகத்தர்களுக்குப் பதவி உயர்வு நின்றது. பலர் வேலையை விட்டார்கள். தமிழும் அரசகரும மொழி என்ற வரி அரசியலமைப்பில் ஏறியது 1987இல், எத்தனையோ உயிர்கள் போன பிறகு.

இரண்டு சட்டங்களுக்கும் இடையில் 13 ஆண்டுகள்தான். ஆனால் நோக்கம் வேறு. இலங்கைச் சட்டம் சுமையைக் குடிமகன் தலையில் வைத்தது: நீ அரசின் மொழியைப் படி. கனடாச் சட்டம் சுமையை அரசின் தலையில் வைத்தது: நீ குடிமகனின் மொழியில் பேசு. கனடாவில் எல்லாரும் இரண்டு மொழியும் படித்தாக வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. 2021ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி ஆங்கிலமும் பிரெஞ்சும் பேசக்கூடியவர்கள் 18 சதவீதத்தினரே.

இதையும் புனிதமாகக் கொண்டாடத் தேவையில்லை. இந்த மண்ணின் ஆதிக்குடிகளின் மொழிகளுக்கு 1969ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடமில்லை. அவர்களின் பிள்ளைகள் வதிவிடப் பாடசாலைகளில் தங்கள் மொழியைப் பேசியதற்காகத் தண்டிக்கப்பட்டார்கள். ஆதிக்குடி மொழிகளுக்கென மத்திய அரசு சட்டம் இயற்றியது 2019இல்தான்.

பெற்றோர் தொடங்கிய வகுப்பு

இமேர்ஷன் வகுப்பு அரசாங்கம் கண்டுபிடித்த திட்டம் அல்ல. மொன்றியலுக்குத் தெற்கே, ஆற்றுக்கு அப்பால் சென் லம்பேர் என்ற ஊர் இருக்கிறது. அங்கே ஆங்கிலம் பேசும் பெற்றோர் சிலர் 1963இல் கூடிப் பேசினார்கள். பல ஆண்டுகள் பிரெஞ்சுப் பாடம் படித்தும் பிள்ளைகள் பக்கத்து வீட்டுப் பிரெஞ்சுக்காரரோடு கதைக்க முடியாமல் நிற்கிறார்களே என்பது அவர்கள் கவலை. கல்விச்சபை தயங்கியது. பெற்றோர் பாடசாலை முடிந்த பிறகு தாங்களே பிரெஞ்சு வகுப்பு நடத்திக் காட்டினார்கள். மக்கில் பல்கலைக்கழக உளவியல் பேராசிரியர் வொலஸ் லம்பேர்ட்டிடம் ஆலோசனை கேட்டார்கள். 1965 செப்டெம்பரில் 26 பாலர்களோடு முதல் வகுப்பு தொடங்கியது. தொடக்கத்தில் எல்லாமே பிரெஞ்சில். ஆங்கில வாசிப்பு இரண்டாம் வகுப்பில்தான்.

லம்பேர்ட்டும் ரக்கரும் அந்தப் பிள்ளைகளை ஆண்டுதோறும் சோதித்து 1972இல் முடிவுகளை நூலாக வெளியிட்டார்கள். முதலில் ஆங்கில வாசிப்பில் கொஞ்சம் பிந்தினார்கள். பிறகு மற்றப் பிள்ளைகளை எட்டிப் பிடித்தார்கள். கணிதம் கெடவில்லை. பிரெஞ்சு நன்றாக வந்தது. இன்று கனடா முழுவதும் 4 இலட்சத்துக்கு மேற்பட்ட மாணவர் இமேர்ஷனில் படிக்கிறார்கள். அந்த 26 பேரில் தொடங்கிய வரிசை இது.

அதற்கு முன்பு, 1962இல், பீல் என்ற ஆய்வாளரோடு சேர்ந்து லம்பேர்ட் மொன்றியலின் பத்து வயதுப் பிள்ளைகளை ஆராய்ந்தார். இரண்டு மொழி பிள்ளையின் மூளையைக் குழப்பும் என்பது அக்கால நம்பிக்கை. இரு மொழியும் சமமாகத் தெரிந்த பிள்ளைகள் சோதனைகளில் முன்னுக்கு நின்றதை அவர்கள் கண்டார்கள். அதற்காக, பிரெஞ்சு படித்தால் புத்தி கூடும் என்று யாரும் விளம்பரம் செய்தால் நம்பிவிடாதீர்கள். குழப்பாது என்பதே உறுதியாக எடுத்துக்கொள்ளக்கூடியது.

எங்கள் வரவு செலவு

1980களில் அகதியாக வந்த எங்களில் பலருக்கு முதல் கனடிய மண் மொன்றியல்தான். கியூபெக் அரசின் கோஃபி நிலையங்களில் மாரிக் குளிரில் போய்ப் பிரெஞ்சு படித்தவர்கள் இந்த நேயர்களுக்குள்ளும் இருப்பீர்கள். 1977ஆம் ஆண்டின் 101ஆம் இலக்கச் சட்டம் குடிவரவாளரின் பிள்ளைகளைப் பிரெஞ்சுப் பாடசாலைக்கு அனுப்பியது. அது எங்களிடம் விருப்பம் கேட்கவில்லை. சில பெற்றோர் அதனாலேயே ரொறன்ரோவுக்கு மாறினார்கள். ஆனால் அங்கே தங்கிய குடும்பங்களின் பிள்ளைகள் பாடசாலையில் பிரெஞ்சும், தெருவில் ஆங்கிலமும், வீட்டில் தமிழுமாக வளர்ந்தார்கள்.

பிரெஞ்சு தெரிவதால் என்ன வரவு? மத்திய அரசுப் பதவிகளில் ஏறத்தாழ பத்தில் நான்கு இரு மொழித் தேர்ச்சி கேட்பவை. பிரெஞ்சு தெரிந்த ஆசிரியர்களுக்குப் பல மாகாணங்களில் தட்டுப்பாடு. எங்கள் சித்தப்பா, மாமி குடும்பங்கள் பாரிசிலும் ஜெனீவாவிலும் இருக்கின்றன. அங்கே பிறந்த மச்சான், மச்சாளோடு எங்கள் பிள்ளைகள் கதைக்கத் தமிழுக்கு அடுத்தபடியாக உதவுவது பிரெஞ்சு. எங்கள் நீதி பற்றிய விவாதங்கள் நடக்கும் ஐ.நா. மனித உரிமைகள் பேரவை இருப்பதும் அந்த ஜெனீவாவில்தான்.

இனிச் செலவுப் பக்கம். சென் லம்பேர் பிள்ளைகள் தாய்மொழியை இழக்காததற்குக் காரணம் இருந்தது. அவர்களின் தாய்மொழி ஆங்கிலம்; வீட்டிலும் தொலைக்காட்சியிலும் கடையிலும் அது அவர்களைச் சூழ்ந்திருந்தது. புதிய மொழி பழையதோடு கூட்டப்பட்டது. எங்கள் பிள்ளைக்குத் தமிழ் அப்படிச் சூழ்ந்து நிற்கவில்லை. வீட்டில் நாங்கள் விட்டால் விட்டதுதான். ஆகவே தமிழை விழுங்கக்கூடியது பாடசாலைப் பிரெஞ்சு அல்ல. சாப்பாட்டு மேசைக்கு வந்துவிட்ட ஆங்கிலம். ஆங்கில வகுப்பில் படிக்கும் பிள்ளையும் தமிழை விடுகிறது என்பதை நாங்கள் கண்ணால் காண்கிறோம்.

ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் ஜிம் கமின்ஸ் 1979 முதல் எழுதி வருவதும் இதற்குத் துணை. ஒரு மொழியில் ஆழமாக வாசிக்கவும் யோசிக்கவும் பழகிய பிள்ளை, அந்தத் திறனை அடுத்த மொழிக்கும் கொண்டு போகும் என்பது அவர் கருத்து. வீட்டில் தமிழ்க் கதை கேட்ட பிள்ளை பிரெஞ்சு வகுப்புக்கு வெறுங்கையோடு போவதில்லை.

எனவே பெற்றோருக்கு என் ஆலோசனை இதுதான். பிள்ளைக்கு விருப்பமும் அருகில் வகுப்பும் இருந்தால், பயப்படாமல் பிரெஞ்சில் சேருங்கள். வகுப்பில் சிரமப்பட்டால் ஆசிரியரோடு நேரத்துக்குக் கதையுங்கள். பிள்ளையை வதைக்க வேண்டாம். எந்த வகுப்பில் சேர்த்தாலும் வீட்டு மொழி தமிழாக இருக்கட்டும். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பை நிறுத்தாதீர்கள். ஒன்ராறியோவில் தாய்மொழி வகுப்புகளுக்கான அரசுத் திட்டம் 1977இல் தொடங்கியது. பிள்ளைகள் வராவிட்டால் வகுப்பு மூடப்படும்.

பிரெஞ்சுக் கனடியர் தங்கள் மொழியைக் காப்பாற்றியது சட்டத்தால் மட்டுமல்ல. சட்டம் கைவிட்ட காலங்களில் தாய்மாரும் ஆசிரியைகளும் அதை வீட்டிலும் வகுப்பிலும் பேசிக்கொண்டே இருந்தார்கள். அவர்களின் மொழியைப் படிக்கும் எங்கள் பிள்ளைகள் அந்தப் பாடத்தையும் சேர்த்துப் படித்தால், அது தமிழுக்கும் வரவுதான்.

மீண்டும் அடுத்த மாதப் பேச்சில் சந்திப்போம்.