பதினேழு வயதின் கேள்வி: தொழில் வழிகாட்டலின் வரலாறு

படிப்பை முடிக்கும் வயதினரோடு உட்கார்ந்து, அவர்களுக்கு எந்த வேலை பொருந்தும் என்று யோசிப்பதற்கென்றே ஓர் அலுவலகம் 1908 ஜனவரியில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் திறக்கப்பட்டது. இத்தாலியிலிருந்தும் ரஷ்யாவிலிருந்தும் வந்த குடும்பங்கள் நெருக்கியடித்து வாழ்ந்த நார்த் எண்ட் பகுதியின் சிவிக் சர்வீஸ் ஹவுஸ் என்ற சமூக நிலையத்தை ஒட்டி அது உருவானது. பணம் கொடுத்தவர் பாலின் அகாசி ஷா என்ற செல்வந்தப் பெண்மணி. நடத்தியவர் ஃபிராங்க் பார்சன்ஸ். பொறியியல் படித்து ரயில்வே வேலையில் சேர்ந்த பார்சன்ஸ், 1873இன் நிதி நெருக்கடியில் அந்த வேலையை இழந்தார். பிறகு பள்ளி ஆசிரியர், வழக்கறிஞர், பேராசிரியர் என்று மாறி மாறிப் போனார். பிறருக்குத் தொழில் காட்டும் வேலை அவரிடம் வந்து சேர்ந்ததில் ஒரு பொருத்தம் இருக்கிறது.

அவருடைய முறை எளிமையானது. முதலில், வந்தவர் தன்னைப் பற்றித் தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும். அடுத்து, வேலைகளைப் பற்றி, அவற்றின் கூலி, தேவைப்படும் தகுதி, முன்னேறும் வழி எல்லாவற்றையும் அறிய வேண்டும். பின்னர் இரண்டையும் சேர்த்துவைத்து நிதானமாக யோசிக்க வேண்டும். நூற்றுக்கும் மேற்பட்ட கேள்விகள் கொண்ட தாளைக் கொடுத்து, வீட்டில் எழுதி வரச் சொல்வார். மருத்துவராக விரும்பிய 19 வயது இளைஞன் ஒருவனுடன் நடந்த உரையாடலை அவர் பதிவு செய்திருக்கிறார். மெலிந்த உடல், ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசியும் ஒருமுறைகூடச் சிரிக்கவில்லை, கைகுலுக்கியபோது கையில் உயிர்ப்பே இல்லை. நோயாளி இப்படிப்பட்ட மருத்துவரை விரும்புவாரா என்று யோசிக்க வைத்து, வெளிக்காற்றில் செய்யும் பண்ணை வேலைகளையும் போய்ப் பார்க்கச் சொன்னார். முகத்தையும் கைகுலுக்கலையும் கொண்டு ஒருவரை எடைபோட்டது அவருடைய முறையின் பலவீனம்தான். ஆனால் முடிவை இளைஞனே எடுக்க வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். அந்த உறுதி பிறகு வந்த பலரிடம் இல்லை.

அலுவலகம் திறந்த அதே 1908ஆம் ஆண்டின் செப்டம்பரில் பார்சன்ஸ் இறந்தார். அவருடைய நூல் 1909இல் வெளிவந்தது. 1911இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் மேயர் புளூம்ஃபீல்டு இந்தத் துறையைப் பாடமாகவே நடத்தினார். 1913இல் வழிகாட்டிகளுக்கான தேசியச் சங்கமும் அமைந்தது.

முகத்தைப் பார்த்துச் சொல்லும் வழக்கத்தை வினாத்தாள்கள் ஓரங்கட்டின. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் எட்வர்ட் ஸ்ட்ராங் 1927இல் ஏறத்தாழ 400 கேள்விகள் கொண்ட தாளை வெளியிட்டார். பொறியாளர்களுக்கும் வழக்கறிஞர்களுக்கும் எதெல்லாம் பிடிக்கிறது, பிடிக்கவில்லை என்று முன்பே கேட்டுவைத்து, மாணவரின் விடைகளை அவர்களுடையவற்றோடு ஒப்பிடுவதே அவர் செய்தது. ஆண்களுக்கு ஒரு தாள், பெண்களுக்கு வேறு தாள். இரண்டையும் ஒன்றாக்க 1974 வரை ஆனது. அத்தனை காலமும் பெண்களுக்குச் சில தொழில்கள் காட்டப்படாமலே போயின.

வேலைகளைப் பற்றிய அறிவைத் தொகுக்கும் பணியை அமெரிக்க அரசு எடுத்துக்கொண்டது. 1930களின் பெருமந்தத்தில் லட்சக்கணக்கானோர் வேலையிழந்து நின்றபோது, எந்த வேலைக்கு யாரை அனுப்புவது என்று தெரியாமல் வேலைவாய்ப்பு அலுவலகங்கள் திணறின. அதனால் 1939இல் ஆயிரக்கணக்கான தொழில்களை விவரிக்கும் தொழில் அகராதி வெளியானது. இரண்டாம் உலகப் போர் முடிந்து திரும்பிய வீரர்களை மனத்தில் வைத்து, வரும் ஆண்டுகளில் எந்தத் தொழில் வளரும் என்று கூறும் கையேடு 1949இல் வந்தது. 1957இல் சோவியத் யூனியன் ஸ்புட்னிக்கை ஏவியதும் அமெரிக்கா பதறிப்போய், அறிவியல் பக்கம் மாணவர்களைத் திருப்ப மறு ஆண்டே சட்டம் கொண்டுவந்து, பள்ளி ஆலோசகர்களுக்குப் பயிற்சியளிக்கப் பணம் ஒதுக்கியது. மாணவரின் நலனும் நாட்டின் தேவையும் ஒன்றாகக் கலந்துபோன காலம் அது.

கணினி இந்தத் துறைக்குள் வந்தது 1960களின் பிற்பகுதியில். ஹார்வர்டில் டேவிட் டீடெமன் குழு உருவாக்கிய அமைப்பு பெருங்கனவோடு தொடங்கி, மாதிரி நிலையைத் தாண்டவில்லை. இல்லினாய் மாநிலத்தின் வில்லோபுரூக் உயர்நிலைப் பள்ளியிலோ மாணவர்கள் திரைமுன் அமர்ந்து தொழில்களைத் தேடிப் பார்த்தார்கள்.

இவற்றுள் மிகுந்த கவனத்துக்கு உரியது மார்ட்டின் காட்ஸ் என்ற ஆய்வாளர் எஜுகேஷனல் டெஸ்டிங் சர்வீஸ் நிறுவனத்தில் உருவாக்கிய ‘சிகி’ என்ற கணினி அமைப்பு. 1970களில் கல்லூரிகளில் அது புழக்கத்துக்கு வந்தது. வருமானம், மதிப்பு, பாதுகாப்பு, சுதந்திரம், பிறருக்கு உதவுதல், ஓய்வு நேரம் என்பது போன்ற பத்து விழுமியங்களைத் திரை காட்டும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 8 வரை மதிப்பெண் தரலாம். மொத்தம் 40ஐத் தாண்டக் கூடாது. எல்லாவற்றுக்கும் எட்டு போட ஆசைப்படும் மாணவர் அங்கேதான் திணறுவார். வருமானத்தைக் கூட்டினால் ஓய்விலோ சுதந்திரத்திலோ குறைத்தாக வேண்டும். இடையே ஒரு விளையாட்டும் உண்டு. பெரிதாக மதித்த ஒன்றை விட்டுக்கொடுத்தால்தான் கிடைக்கும் வேலையைக் கணினி நீட்டும். தயங்கினால் மதிப்பெண்களை மாற்றிக்கொள்ளலாம். எந்த வேலை கிடைக்கும் என்பதோடு, எதற்காக வாழ விரும்புகிறோம் என்பதையும் ஓர் இயந்திரம் பதினெட்டு வயதினரிடம் கேட்டது பெரிய நகர்வு.

அதே காலத்தில் ஜான் ஹாலண்ட் மனிதர்களின் நாட்டங்களை ஆறு வகையாகப் பிரித்து, மாணவரே விடையெழுதி மதிப்பெண்ணும் கூட்டிக்கொள்ளும் சிறு புத்தகத்தை வெளியிட்டார். அருகில் ஆலோசகர் இருந்தாக வேண்டிய கட்டாயம் அத்தோடு நீங்கியது. இணையத்துக்கு ஏற்ற வடிவம் இணையத்துக்கு முன்பே தயாராகிவிட்டது. பழைய தொழில் அகராதியின் இடத்தில் ஓநெட் என்ற இணையத் தரவுத்தளம் 1998இல் வந்தது. அதன்மேல் 2011இல் அமைந்த ‘மை நெக்ஸ்ட் மூவ்’ தளம், ஹாலண்டின் ஆறு வகைகளையொட்டி 60 கேள்விகள் கேட்டுத் தொழில்களைப் பட்டியலிடுகிறது, கட்டணம் இல்லை.

நாட்டம் தெரிந்தால் நோக்கம் தெரிந்துவிடாது. ஸ்டான்ஃபோர்டின் வில்லியம் டேமன் 12 முதல் 22 வயது வரையுள்ளவர்களை ஆராய்ந்து 2008இல் எழுதிய நூலில், தெளிவான வாழ்க்கை நோக்கம் கொண்டவர்கள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவரே என்றார்.

அமெரிக்காவின் கதை இப்படியென்றால், இந்தியாவில் வேலைவாய்ப்பு அலுவலகங்கள் 1945இல் போரிலிருந்து திரும்பிய வீரர்களுக்காகத் தொடங்கி, பின்னர் எல்லோருக்கும் திறந்தன. பிளஸ் டூ முடித்ததும் அங்கே பதிந்துவைப்பது தமிழ்நாட்டுக் குடும்பங்களின் வழக்கமானது. மத்திய அரசின் தேசியத் தொழில் சேவைத் தளம் 2015இல் வந்தது. தமிழ்நாடு அரசு 2022 மார்ச் 1 அன்று தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டம் பள்ளி மாணவர்களுக்கு உயர்கல்வி வழிகாட்டலையும், கல்லூரி மாணவர்களுக்குத் திறன் பயிற்சியையும் தருகிறது. குடும்பத்தில் முதல்முறையாகக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்கு, விசாரிக்க ஆளில்லாத வீட்டில், இத்தகைய வழிகாட்டல் பெரிய துணை.