காதால் வாசித்த புத்தகம்

இந்திய வேதாகமச் சங்கத்தின் தலைமையகம் பெங்களூரு மகாத்மா காந்தி சாலையில் இருக்கிறது. தமிழ்நாட்டுச் சீர்திருத்தச் சபைகளில் புழங்கும் பரிசுத்த வேதாகமத்தின் முதல் ஏட்டில் ஊர்ப்பெயராகப் பெங்களூர் என்று அச்சாகி வருவது இதனால்தான். அதே நகரத்தின் மேற்குப் பக்கம், மல்லேஸ்வரத்தை ஒட்டி ஸ்ரீராம்புரம் இருக்கிறது. பின்னி, மினர்வா, ராஜா மில் என்று ஆலைகள் ஆள் எடுத்த காலத்திலிருந்து தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக வாழும் பகுதி அது. அங்கே கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் படித்து வளரும் கிறிஸ்தவப் பிள்ளைகள் பலருக்குத் தமிழ் எழுத்துக் கூட்டத் தடுமாற்றம். ஆனால் ஞாயிறு பள்ளியில் கேட்டுப் பழகிய சங்கீதத்தைத் தமிழில் சரளமாக ஒப்பிப்பார்கள். ஊர் விட்டு ஊர் வந்ததால் நேர்ந்த இழப்பு என்று பெரியவர்கள் இதைப் பற்றி வருந்துவதுண்டு. வருத்தம் நியாயமானதே. ஆனாலும் தமிழ்க் கிறிஸ்தவ நூல்களின் நானூற்றைம்பது ஆண்டு வரலாற்றைப் புரட்டினால், அந்தப் பிள்ளைகள் வழக்கத்துக்கு மாறாக எதையும் செய்துவிடவில்லை என்று தெரியும். அந்த நூல்கள் முதலில் காதுக்குத்தான் எழுதப்பட்டன. கண் பிறகு வந்தது. காதை மறந்து எழுதப்பட்டவை எவ்வளவு புலமையோடு வந்தாலும் நிலைக்கவில்லை.

தொடக்கத்தையே பார்க்கலாம். 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியாருக்குத் தமிழ் தெரியாது. ஜெபங்களை உள்ளூர்க்காரர்களைக் கொண்டு தமிழாக்கி, தாமே மனப்பாடம் செய்து, கையில் மணியோடு தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக் கொடுத்தார். ஊரை விட்டுப் போகும்போது அந்த ஜெபங்களின் எழுத்துப் படியைக் கணக்கப்பிள்ளைகளிடம் விட்டுப் போனார். ஊர் சொல்வதற்காக ஒருவர் வைத்திருந்த ஏடு அது. 1554இல் லிஸ்பனில் அச்சான முதல் தமிழ்ப் புத்தகமும் இதே வகைதான். தமிழறிந்த மூன்று இந்தியர்கள் ஆக்கிய அந்தச் சிறு ஞானோபதேசத்தில் தமிழ் எழுத்தே இல்லை; தமிழ்ச் சொற்களை ரோமன் எழுத்தில் போட்டிருந்தார்கள். தமிழ் படிக்கத் தெரியாத பாதிரியாரும் அதைப் பார்த்து வாய்விட்டுச் சொல்லலாம், கேட்பவருக்கு விளங்கும். தமிழ் எழுத்திலேயே அச்சான தம்பிரான் வணக்கம் 1578இல் கொல்லத்தில் வெளிவந்தது. அன்றிக் அடிகள் ஆக்கிய அந்த நூல் வெறும் 16 பக்கம். அடுத்த ஆண்டு கொச்சியில் வந்த கிரீசித்தியானி வணக்கம் ஆசிரியரும் மாணவரும் கேள்வியும் பதிலுமாகப் பேசும் வடிவில் அமைந்தது. தனியாக உட்கார்ந்து கண்ணால் ஓட்டும் வாசகருக்கு இந்த வடிவம் சலிப்பூட்டும். ஒருவர் கேட்க ஊரே சேர்ந்து பதில் சொல்லும் இடத்தில் இதைவிடப் பொருத்தமான வடிவம் வேறில்லை. 1586இல் அடியார் வரலாறு அறுநூறு பக்கங்களைத் தாண்டி வந்தபோதும், அத்தனை பெரிய நூலை ஒவ்வொரு பரதவர் வீடும் வாங்கி வைத்திருக்க முடியாது. ஒருவர் படிக்க, மற்றவர்கள் கேட்டிருக்க வேண்டும்.

அச்சு நின்ற காலம் இதைவிட நல்ல சான்று. பதினேழாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் தமிழ் அச்சு ஏறக்குறைய ஓய்ந்துபோனது. மதுரையில் ராபர்ட் தெ நோபிலி எழுதியவை அவர் வாழ்நாளில் கைப்படிகளாகவே உலவின. வீரமாமுனிவர் 1727இல் எழுதிய வேதியர் ஒழுக்கமும் அவர் காலத்தில் அச்சேறவில்லை. அது யாருக்காக எழுதப்பட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். குருவானவர் ஆண்டுக்கு ஒருமுறைகூட எட்டிப் பார்க்க முடியாத ஊர்களில் ஜெபம் சொல்லிக் கொடுத்து, வாசித்துக் காட்டி, நோயாளியின் தலைமாட்டில் உட்காரும் வேதியர்களுக்காக. ஒரு வேதியர் கையில் ஒரு படி இருந்தால் ஓர் ஊர் நூலைப் பெற்றுவிட்டது என்றே பொருள். அச்சில்லாமலே அந்தச் சபைகள் ஒரு நூற்றாண்டைக் கடந்தன என்றால், நூலைச் சுமந்தது இயந்திரமல்ல, இந்த மனிதர்கள்தான்.

தரங்கம்பாடியில் அச்சு மறுபடி பிறந்தபோதும் நிலைமை பெரிதும் மாறவில்லை. 1706இல் வந்திறங்கிய சீகன்பால்கு, லண்டனின் கிறிஸ்தவ அறிவு வளர்ச்சிச் சங்கம் (எஸ்.பி.சி.கே.) அனுப்பிய அச்சுக்கூடத்தையும் ஜெர்மனியின் ஹாலேயில் வார்த்த தமிழ் எழுத்துகளையும் கொண்டு 1714, 1715 ஆண்டுகளில் புதிய ஏற்பாட்டை வெளியிட்டார். ஹாலே எழுத்துகள் பெரியவை. காகிதம் மளமளவென்று கரைந்தது. எழுத்தைச் சிறிதாக வார்க்க ஈயம் தேடியபோது, லண்டனிலிருந்து வந்த பாலாடைக்கட்டியின் ஈய மூடிகளை உருக்கினார்கள் என்று பழைய வரலாறுகள் சொல்கின்றன. பொறையாறில் காகித ஆலையும் தொடங்கிப் பார்த்தார்கள். இவ்வளவு பாடுபட்டு அடித்த படிகள் பள்ளிக்கூடத்துக்கும் உபதேசியாருக்கும் போதுமானவை. வீட்டுக்கு வீடு என்று எண்ணிப் பார்க்கவே முடியாது. பிறகு சென்னை வேப்பேரியில் அரை நூற்றாண்டு உழைத்த ஃபப்ரிசியஸ் வேதாகமத்தைப் புதிதாகப் பெயர்த்தார். 1791இல் அவர் இறந்த பின்னரே அது முழுமையாக அச்சில் முடிந்தது. இவர்தான் ஜெர்மன் ஞானப்பாட்டுகளையும் தமிழாக்கியவர். ஒரு வரி ராகத்தில் உட்காருமா, சபை மூச்சு முட்டாமல் சொல்ல முடியுமா என்று ஆயிரம் தடவை சோதித்த காது அவருடையது. லுத்தரன் சபைகள் அவர் மொழிபெயர்ப்பைப் பொன் போலப் பொத்தி வைத்ததற்கு அந்தக் காதும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

இதற்கு மறுமுனையில் மிஷனரி ரேனியஸ் நிற்கிறார். 1820இல் பாளையங்கோட்டைக்குப் போன அவர் ஃபப்ரிசியஸின் தமிழ் கரடுமுரடானது என்று கருதி, இயல்பான தமிழில் புதிய ஏற்பாட்டைத் திருத்தினார். மொழிபெயர்ப்பு நெறி பற்றி 1827இல் ஒரு கட்டுரையும் எழுதினார். இலக்கணப்படி பார்த்தால் பல இடங்களில் அவர் பக்கமே நியாயம். தஞ்சையில் எழுந்த எதிர்ப்போ சூடாக இருந்தது. முன்னணியில் நின்றவர் வேதநாயக சாஸ்திரியார். சுவார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்து, பெத்லகேம் குறவஞ்சி பாடி, கூட்டங்களில் பாடியே வேதத்தைப் பரப்பியவர். புதிய மிஷனரிகளின் கொடுமைகள் என்று அவர் தரப்பு அடுக்கிய குற்றங்களில் வேதத்தை மாற்றியதும், ஆராதனையில் தமிழ்ப் பாட்டை நீக்கியதும், கலியாணப் பூவை விலக்கியதும், சாதிப் பிரிவினையைக் கோயிலுக்குள் ஒழிக்க முயன்றதும் சேர்ந்தே இருந்தன. கடைசிக் குற்றச்சாட்டில் சாஸ்திரியார் தரப்பு நின்ற இடம் வெட்கத்துக்குரியது. அதை மெழுகிப் பூச வேண்டியதில்லை. ஆனாலும் அந்தப் பட்டியல் ஒரு செய்தியைச் சொல்கிறது. வேதத்தின் வாசகத்தை மாற்றுவதும் பாட்டை நிறுத்துவதும் அவர்களுக்கு ஒரே இனத்துக் காரியமாகப் பட்டன. இரண்டுமே அவர்கள் செவிவழிச் சொத்து.

யாழ்ப்பாணத்துக் கதை இன்னும் தெளிவானது. பீட்டர் பெர்சிவல் தலைமையில் உருவாகி 1850இல் வந்த மொழிபெயர்ப்பில் உழைத்தவர் ஆறுமுக நாவலர். அவரைவிடச் சுத்தமாகத் தமிழ் எழுதத் தெரிந்தவரை அன்று தேடிப் பிடிப்பது கடினம். ஆயினும் சபைகள் அதை ஏற்கவில்லை. சைவர் ஒருவரின் கை பட்டதால் ஒதுக்கினார்கள் என்று சொல்லலாம்; ஓரளவு உண்மையும் இருக்கலாம். ஆனால் கிறிஸ்தவ அறிஞர்கள் பிற்காலத்தில் செய்த மொழிபெயர்ப்புகளுக்கும் இதே கதி நேர்ந்ததை அந்த விளக்கம் தொடவில்லை. வென்றது 1871இல் ஹென்றி பவர் குழு முடித்த மொழிபெயர்ப்பு. பவர் சீவக சிந்தாமணியின் நாமகள் இலம்பகத்தைப் பதிப்பித்த புலமைக்காரர். அப்படிப்பட்டவர் தம் புலமையை வேதாகமத்தில் காட்டாமல், சபைகள் கேட்டுப் பழகிய ஃபப்ரிசியஸின் நடையையே அடியாக வைத்துத் திருத்தினார். இன்று ஸ்ரீராம்புரத்திலும் திருநெல்வேலியிலும் வாசிக்கப்படுவது பெரும்பாலும் அந்த 1871இன் தமிழ்தான். பெங்களூரு ஐக்கிய இறையியல் கல்லூரியின் முதல்வராக இருந்த டேனிஷ்காரர் எல். பி. லார்சன் இருபதாம் நூற்றாண்டில் முன்னின்று செய்த திருத்தம், மூலத்துக்கு நெருக்கமானது என்று அறிஞர்கள் மெச்சியும் சபைகளின் மேடை ஏறவில்லை.

இதெல்லாம் வெறும் பழமைப் பற்று, புனித நூல் என்றால் எந்த நாட்டிலும் இப்படித்தான் என்று ஒருவர் மறுக்கலாம். ஆங்கிலேயர் 1611ஆம் ஆண்டின் மொழிபெயர்ப்பை விடாமல் பிடித்திருந்தது உண்மையே. ஆனால் புனிதம் மட்டுமே காரணமென்றால், லுத்தரன் சபை ஃபப்ரிசியஸையும் திருநெல்வேலிச் சபை ரேனியஸையும் நெடுங்காலம் தனித்தனியே பிடித்துக்கொண்டிருந்ததற்கு விளக்கம் கிடைக்காது. எல்லாருக்கும் புனிதம் ஒன்றே, கேட்டு வளர்ந்த வாசகம்தான் வேறு. கத்தோலிக்கர் கதை இதை மேலும் உறுதிப்படுத்துகிறது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் வரை அவர்கள் திருப்பலியில் கேட்டது லத்தீன். மனத்தில் ஊறியவை காலை மாலை மந்திரங்களும் தவக்காலப் பசாம் பாட்டும். வேதாகமத்தின் எந்தத் தமிழ் வடிவமும் அவர்கள் காதில் குடியேறியிருக்கவில்லை. அதனால் 1995இல் இரு தரப்பு அறிஞர்களும் கூடி ஆக்கிய திருவிவிலியத்தை அவர்கள் எளிதாக ஏற்றார்கள். அதே நூல் சீர்திருத்தச் சபைகள் பெரும்பாலானவற்றில் வாசற்படியோடு நின்றது.

சீர்திருத்தச் சபைகள் பள்ளிக்கூடம் கட்டியதே ஒவ்வொருவரும் தாமே வேதத்தை வாசிக்கத்தானே என்று கேட்பது இதைவிட வலுவான கேள்வி. நோக்கம் அதுதான், ஐயமில்லை. 1858இல் தொடங்கி, பின்னாளில் கிறிஸ்தவ இலக்கியச் சங்கமாகப் பெயர் மாறிய அமைப்பு பாடப்புத்தகங்களையும் மலிவுப் பிரசுரங்களையும் அச்சிட்டுக் குவித்ததும் அதற்காகவே. ஆனால் வாசிக்கக் கற்ற மகள் என்ன செய்தாள்? குடும்ப ஜெபத்தில் வாசிக்கத் தெரியாத பாட்டிக்கும் அப்பாவுக்கும் வாய்விட்டு வாசித்தாள். வீடு வீடாகப் போன வேதப் பெண்கள் செய்ததும் இதையே. எழுத்தறிவு வளர வளர வாய்விட்டு வாசிப்பவர்கள்தான் பெருகினார்கள். இதில் கிறிஸ்தவத் தனித்தன்மை எதுவும் இல்லை என்றால் ஒப்புக்கொள்வேன். இராமாயணத்தையும் அல்லி அரசாணி மாலையையும் திண்ணையில் கூடிக் கேட்ட சமூகம் தன் வழக்கத்தின்படியே இந்த நூலையும் ஏற்றுக்கொண்டது. மிஷனரிகள் கொண்டுவந்தது தனி வாசிப்பு; தமிழர் அதைத் திண்ணைக்குக் கொண்டுபோனார்கள். எச். ஏ. கிருஷ்ண பிள்ளையின் இரட்சணிய யாத்திரிகம் 1894இல் வந்தது. கம்பன் வழியில் நடக்கும் மாபெரும் படைப்பு, புலவர்கள் கொண்டாடினார்கள். சபையில் சாதாரணர் வாயில் நின்றதோ ஜான் பனியனின் அதே கதையைச் சாமுவேல் பவுல் எளிய உரைநடையில் தந்த மோட்சப் பிரயாணம். காதுக்கு உகந்தது என்றால் செய்யுள் என்று பொருளல்ல. கேட்ட மாத்திரத்தில் பிடிபடும் வாக்கியம் வேண்டும், அவ்வளவுதான்.

இந்த வரலாறு இன்றைய பதிப்பாளருக்கு ஒரு சங்கடத்தை வைத்திருக்கிறது. தமிழ் எழுத்து தெரியாத தலைமுறைக்காகப் பாமாலையையும் கீர்த்தனையையும் ரோமன் எழுத்தில் அச்சிடுகிறார்கள். 1554இன் உத்தி இன்றும் வேலை செய்கிறது. அன்றாட தியான நூல்களுக்கும் குறையில்லை, ஏனென்றால் ஒரு நாளுக்குரிய பக்கம் குடும்ப ஜெபத்தில் சில நிமிடங்களில் வாசித்து முடிகிற அளவு. நொண்டுவது ஆய்வு நூல்தான். பெங்களூரு ஐக்கிய இறையியல் கல்லூரி 1910 முதல் நடக்கிறது, பாடமொழி ஆங்கிலம். மதுரை அரசரடியில் 1969இல் தொடங்கிய தமிழ்நாடு இறையியல் கல்லூரி தமிழில் கற்பிக்கத் துணிந்து, தமிழிலேயே இறையியல் நூல்கள் எழுதப்பட வழி செய்தது. அந்த நூல்களில் நல்லவை பல உண்டு. அடிக்குறிப்பும் மேற்கோளுமாக நீளும் அந்த வாக்கியங்களைக் குடும்ப ஜெபத்தில் யாரும் வாசித்துக் காட்ட முடியாது. விலையைக் குறைத்தாலும் அவை வீட்டுக்குள் வராததற்குக் காரணம் அது. அவை போதகரின் மேசையில் தங்கிவிடுகின்றன. சனிக்கிழமை இரவு அவர் அதில் இரண்டு பத்தியைப் படித்துத் தம் சொந்தத் தமிழில் குறித்துக்கொள்கிறார். மறுநாள் ஸ்ரீராம்புரத்துச் சபை அதைப் பிரசங்கமாகக் கேட்கிறது.